முடியணியும் அதனைச் செய்த கையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் புகுந்த பொருள், மேனாட்டு அரசியரும் பெருங்குடிப் பெண்டிரும் தலையிற் சூடுகின்ற முடியணிகளைப் பற்றியது. ஆங்கிலத்தில் இவ்வணியை 'டியாரா' என்பர். அந்நிய தேசத்து அரசியர் தலையணிக்கும் நமது மாதாந்தரக் கூட்டத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவக்கூடும். அதனைச் சூடியவருக்கும் நமக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. அதனைச் செய்தவனுக்கும் நமக்கும் உண்டு. அவனும் ஊதுகுழல் பிடித்தவன். நம் முன்னோரும் ஊதுகுழல் பிடித்தவர். அவன் தொழிலுக்கு நேர்ந்த கதியைக் கேட்டால் நம் தொழிலின் கதியும் ஒருவாறு விளங்கும். ஆதலின் சற்றுப் பொறுமையோடு செவி சாய்க்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.

2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 19-ஆம் நாள், பாரிஸ் நகரத்து லூவ்ரு அரும்பொருட்சாலையில் பட்டப்பகலிற் கள்வர் புகுந்து, பிரான்சு தேசத்து முடியரசர் காலத்து அணிகள் எட்டினைக் கவர்ந்து சென்ற செய்தியை யாவரும் அறிவீர்கள். அவற்றுள் முடியணிகள் இரண்டு. ஒன்று, யூஜினி என்னும் பேரரசிக்குச் செய்த முத்து முடியணி. மற்றொன்று, மரி அமெலி என்னும் அரசி அணிந்த நீலக்கல் முடியணி. போன பொருளின் மதிப்பு 8 கோடியே 80 லட்சம் யூரோ என்று அந்நாட்டார் கணக்கிட்டு உரைத்தனர். அச்செய்தி வந்த அன்று எம் பட்டறைத் தெருவிலும் அதுவே பேச்சு. பலரும் விலையைக் கேட்டனர். சிலர் காவற்காரரை ஏசினர். எண்பது வயது கடந்த கம்மியர் ஒருவர் மாத்திரம் வேறொரு கேள்வி கேட்டார். "இந்நேரம் பிரித்திருப்பார்களோ?" என்றார்.

அன்பர்களே! தொழில் அறிந்தவன் கேட்ட கேள்வி அது. களவு போன அணி கள்வன் வீட்டுப் பெட்டியில் முழுமையாகக் கிடந்தாலும் என்றேனும் ஒருநாள் மீண்டு வரலாம். கல்லைக் கழற்றிப் பொன்னை உருக்கிவிட்டால், கல்லும் பொன்னும் உலகத்தில் எங்கோ இருக்கும், அணி இராது. கல் வாழும், வேலை மாளும். முடியணிகளின் சரித்திரத்தை ஆராய்ந்து பார்த்தால், இவ்வழிவைக் கள்வரினும் மிகுதியாகச் செய்தவர் அவற்றின் உடையவர்களே என்பது தெரியவரும். அதனையே இன்று விரித்துரைக்கப் புகுந்தோம்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். கிரேக்கர் இவ்வணியை 'டயாதேமா' என்றனர். சுற்றிக் கட்டப்படுவது என்பது அச்சொல்லின் பொருள். பாரசீகத்தை வென்ற அலெக்சாந்தரும் அவனுக்குப் பின் வந்த கிரேக்க மன்னரும் அணிந்த டயாதேமா, நெற்றியைச் சுற்றித் தலையின் பின்புறத்தில் முடியிட்ட வெறுந்துணிப் பட்டியேயாம். இதனைக் கேட்டவுடன் நம் தமிழ் வழக்கு நினைவுக்கு வரவில்லையா? அரசுரிமை அடைந்தவனை, 'முடி சூடினான்' என்பதோடு, 'பட்டம் கட்டினார்கள்' என்றும் நாம் சொல்லுகிறோம். பட்டம் என்பதும் நெற்றியிற் கட்டும் பட்டியே. நெடுந்தூரம் விலகிய இரண்டு நாட்டாரும் அரச சின்னத்தைக் கட்டும் பொருளாகவே கருதியது வியப்பன்றோ? 'டியாரா' என்னும் பெயரோ முதலிற் பாரசீகருடைய குல்லாவைக் குறித்தது. பிற்காலத்திலேதான் பெண்டிர் சூடும் வளைந்த மணிமுடிக்கு வழங்கலாயிற்று. தலையை முழுவட்டமாகச் சூழ்வது கிரீடம். முன்புறத்தில் மட்டும் வளைந்து உயர்ந்து, பின்புறம் கூந்தலில் மறைவது முடியணி. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுக.

துணியாய் இருந்தது பொன்னாய் மாறியதும் பழங்காலத்திலேயே. 1977-ஆம் ஆண்டில் கிரேக்க தேசத்து வெர்கினா என்னுமிடத்தில் ஆந்திரோனிகோஸ் என்னும் ஆராய்ச்சியாளர் மக்கெதோனிய அரசர் சமாதியைத் திறந்தபோது, பொற்பேழை ஒன்றினுள் எலும்புகளோடு ஓக் இலைமாலை ஒன்றைக் கண்டார். அதில் 313 பொன்னிலைகளும் 68 பொற்காய்களும் உள்ளன. ஒவ்வோர் இலையின் விளிம்பும் நரம்பும் உண்மை இலைபோலவே வெட்டப்பட்டுள்ளன. செய்து ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் ஆயின. அம்மாலை நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஒன்றேயாம்: அது இறந்தவனோடு புதைக்கப்பட்டது. உயிரோடிருந்தவர் கையில் அகப்பட்டிருப்பின் எத்தனையோ முறை உருகிப் போயிருக்கும்.

நிற்க. இக்காலத்தில் நாம் காணும் முடியணி மரபை மீட்டும் எழுப்பியவன் நெப்போலியன். பரம்பரை அரசுரிமை இல்லாதவன் ஆதலின், ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் சின்னங்களைத் தேடி எடுத்துக்கொண்டான். 1804-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நடந்த மகுடாபிஷேகத்தில் அவன் தலையில் இருந்தது பொன்னால் ஆகிய வாகை மாலை. ஐரோப்பியர் அதற்கு லாரல் என்னும் மரத்தின் இலையை வழங்குவர். அதனைச் செய்தவர் பியன்னே என்னும் பாரிஸ் பொற்கொல்லர். பாரம் மிகுதி என்று சக்கரவர்த்தி குறை சொல்லவே, அவர் ஆறு இலைகளைக் கழற்றிவிட்டார் என்றும், அவ்வாறினையும் தம் புதல்வியர் அறுவருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார் என்றும் கூறுவர். நெப்போலியன் வீழ்ந்தான். 1819-ஆம் ஆண்டில் அப்பொன்மாலை உருக்கப்பட்டது. அரசமாளிகையில் இருந்த முழுமாலை அழிந்துபோக, கொல்லன் வீட்டுப் பெண்பிள்ளையின் பெட்டியில் இருந்த ஓரிலை பிழைத்தது. எடை பத்துக் கிராம். 2017-ஆம் ஆண்டில் அது பிரான்சில் ஏலத்திற்கு வந்தபோது 6,25,000 யூரோவுக்கு விலைபோயிற்று.

அவ்விலை நெப்போலியன் பெயருக்குத் தரப்பட்ட விலையன்றோ, கொல்லன் திறமைக்கா தந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், நாமும் அதனை மறுக்கவில்லை. ஆனால் நெப்போலியன் பெயர் முழுமாலைக்கும் இருந்தது. அது உருக்கு மூசையினின்று மாலையைக் காக்கவில்லை. ஓரிலையைக் காத்தது கொல்லன் வீட்டார் அதனைப் போற்றி வைத்த செயலே. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் இதற்கே வருவோம்.

இனி முடியணி எவ்வாறு செய்யப்படுகிறது என்பதைச் சிறிது கூறுவாம். காண்பவர் கல்லைக் காண்பர்; கம்மியன் காண்பது கல்லைத் தாங்கும் சட்டத்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வைர முடியணிகளின் முன்புறம் வெள்ளியாகவும் பின்புறம் பொன்னாகவும் செய்தனர். பொன்னில் வைரத்தைக் கட்டினால் மஞ்சள் நிழல் கல்லில் ஏறும். ஆதலின் முன்னே வெள்ளி. வெள்ளி கறுத்துத் தோலையும் கூந்தலையும் கறைப்படுத்தும். ஆதலின் பின்னே பொன். இரண்டு உலோகங்களையும் ஒன்றோடொன்று பொருத்தி, ஒட்டு வெளித்தெரியாமற் பொடி வைத்து ஊதும் வேலை எத்தகையது என்பதை இச்சபையிற் பலருக்கு விளக்கவேண்டுவதில்லை.

அணிபவள் தலையை அசைக்குந்தோறும் பூக்கள் நடுங்கி ஒளிவிட வேண்டும் என்று விரும்பினார்கள். அதற்காக ஒவ்வொரு பூவின் அடியிலும் மெல்லிய சுருட்கம்பி வைத்தார்கள். விருந்தின்போது தலையிலும், மறுநாள் கழுத்திலும், பின்னொருநாள் மார்பிலும் அணியவேண்டும் என்றார்கள். அதற்காகச் சட்டத்தினின்று கழற்றத்தக்க திருகாணிகளை அமைத்து, அணிப்பெட்டிக்குள்ளேயே சிறு திருப்புளி ஒன்றையும் வைத்துக் கொடுத்தார்கள். நெற்றிக்கு மேல் நிற்கும் பாரம் முன்னோக்கிச் சரியாமலும், காதுக்கு மேல் அழுத்தாமலும் இருக்குமாறு, அணிபவளின் தலைக்கேற்ப வளைவை அமைக்க வேண்டும். அரை விரற்கடை பிழைத்தால் அன்றிரவு முழுதும் தலைவலி. இவ்வளவும் செய்தவன் பெயரை விருந்தில் ஒருவரும் கேட்பதில்லை.

1900-ஆம் ஆண்டை ஒட்டிப் பிளாட்டினம் வந்தது. பொன் 1,064 பாகை வெப்பத்தில் உருகும். பிளாட்டினம் உருக 1,768 பாகை வேண்டும். பழைய விளக்கும் ஊதுகுழலும் அதற்குப் போதா. பிராணவாயுவைக் கொண்டு எரியும் தீ வேண்டும். ஆயினும் அவ்வுலோகத்தின் வலிமை பெரிது. வெள்ளியிற் பருமனாக நின்ற சட்டம் பிளாட்டினத்தில் நூலிழையாக மெலிந்தது. கார்த்தியே முதலிய பாரிஸ் நகரத்து வணிகர் வீடுகள் பூமாலையும் நாடாவும் பின்னியதுபோன்ற முடியணிகளைச் செய்து புகழ்பெற்றது இவ்வுலோகத்தினாலேதான். உலோகம் மாறினால் உருவம் மாறும் என்பது கம்மியர்க்குத் தெரிந்த உண்மை.

உருவ வகைகளும் பல. நெப்போலியன் காலத்தில் கிரேக்க இலைமாலையும், வளத்தைக் குறிக்கும் கோதுமைக் கதிரும் மிகுந்தன. அவனுடைய அணிசெய்வோராகிய நித்தோ பட்டறையார் 1811-ஆம் ஆண்டு அளவிற் செய்த முடியணி ஒன்று, காற்றில் சாய்ந்த ஒன்பது கோதுமைக் கதிர்களின் வடிவினது. உருசிய தேசத்தில் குடியானவப் பெண்டிர் அணிந்த 'கொக்கோஷ்னிக்' என்னும் தலைச்சீலை அரசமாளிகையில் ஏறி வைர வடிவம் பெற்றது. 1888-ஆம் ஆண்டில் இங்கிலாந்து இளவரசர் மனைவி அலெக்சாந்திராவின் வெள்ளிவிழாவுக்கு 365 பெருங்குடிப் பெண்டிர் கூடி அளித்த முடியணி இவ்வகையினதே. ஏழைக் குடியானவளின் சீலை வடிவத்தைப் பேரரசியர் தலையில் ஏற்றியது யார்? வடிவத்தைக் கண்டு வியந்து எடுத்துக்கொண்ட கம்மியனும் சித்திரக்காரனுமே.

இஃதிவ்வாறாக, இவ்வளவு உழைப்பால் ஆகிய அணிகளுக்கு நேர்ந்த கதி யாது?

1810-ஆம் ஆண்டில் நெப்போலியன் தன் இரண்டாம் மனைவி மரி லூயிசுக்கு முத்து முடியணி ஒன்றை நித்தோ பட்டறையிற் செய்வித்தான். அது இன்று இல்லை. 1853-ஆம் ஆண்டில் மூன்றாம் நெப்போலியன் யூஜினியை மணந்தபோது அதனைப் பிரித்து, அம்முத்துகளைக் கொண்டு லெமோனியே என்பவர் புதிய முடியணி செய்தார். முத்து 212, வைரம் 1,998. லெமோனியேயின் அம்முடியணியே 2025-இற் களவுபோனது. கள்வரைத் தூற்றுகிறோம், ஆனால் நித்தோவின் வேலையைப் பிரித்தது கள்வரா? அரசாங்கமே அன்றோ?

1887-ஆம் ஆண்டு மே மாதத்தில், மூன்றாம் குடியரசார், முடியரசு இனித் தலையெடாதிருக்கவேண்டும் என்னும் எண்ணத்தால், அரசாங்கத்து அணிகளை லூவ்ரிலேயே ஏலமிட்டனர். உலகத்து மணிவணிகர் திரண்டனர். அமெரிக்கராகிய திப்பனி வணிகர் பெரும்பங்கை வாங்கினர். அவற்றுட் பல, கல் கல்லாகப் பிரிந்து பல நாட்டுப் பெண்டிர் விரலிலும் காதிலும் சேர்ந்தன. யூஜினியின் முத்து முடியணி ஜெர்மானியப் பிரபுக்குடும்பம் ஒன்றின் கைக்குப் போய், நூறு ஆண்டுகளுக்குப் பின் 1992-இல்தான் லூவ்ருக்கு மீண்டது. மீண்ட பொருள் முப்பத்து மூன்று ஆண்டுகளில் மறுபடியும் போயிற்று.

இங்கிலாந்திலும் இதுவே வழக்கம். 1911-ஆம் ஆண்டு டில்லி தர்பாருக்காக மேரி அரசிக்குக் கராட் என்னும் இலண்டன் மணிவணிகர் உயர்ந்ததொரு முடியணி செய்து கொடுத்தனர். அதன் முகட்டில் மரகதங்கள் பத்து நின்றன. நம் தேசத்தில் அணிந்த அவ்வுருவம் நெடுநாள் நீடிக்கவில்லை, மரகதங்களை எடுத்துவிட்டனர். 1893-இல் நாட்டுப் பெண்கள் பணம் திரட்டி அவ்வரசிக்குத் திருமணப் பரிசாக அளித்த முடியணியின் முகட்டு முத்துகளும் 1914-இல் எடுக்கப்பட்டு, அவ்விடத்தில் வைரங்கள் ஏறின. அவ்வரசிக்குக் கல்லில் இருந்த அறிவு பெரிது என்பர். நாம் குறை கூறவில்லை. உடையவர் தம் பொருளை மாற்றுவது அவர் உரிமை. அணி என்பது உடையவர் கண்ணுக்கு உருமாறும் செல்வம் என்பதையே சுட்டுகிறோம்.

கல்லை மாத்திரம் எடுத்துச் சட்டத்தை விட்டுவைத்த விந்தையும் ஒன்று உண்டு. மரி லூயிசுக்கு மரகத முடியணி ஒன்றும் இருந்தது. அது அவள் உறவினராகிய ஆஸ்திரிய அரசகுடும்பத்தில் நெடுங்காலம் இருந்து, 1953-இல் வான் கிளீப் என்னும் பாரிஸ் வணிகர் கைக்கு வந்தது. அவர்கள் அதிலிருந்த மரகதங்கள் 79-ஐயும் கழற்றி, நெப்போலியன் முடியணியின் மரகதம் என்று விளம்பரம் செய்து, தனித்தனியே விற்றுவிட்டனர். வெறுங்குழிகளோடு நின்ற சட்டத்தில் பாரசீகத்துப் பேரோசனைக் கற்கள் 79-ஐ வைத்துக் கட்டினர். அப்பச்சை முடியணி நீல முடியணியாகி, 1971-இல் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் அரும்பொருட்சாலைக்குக் கொடையாக வந்தது. அதனோடு ஒரு தொகுதியாய்ச் செய்த மரகதக் கழுத்தணியும் காதணியும் 2004-இல் லூவ்ருக்கு வந்து, 2025-இற் களவாடப்பட்டன. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல் ஒரு பட்டறையிற் பிறந்தவை. ஒன்று கல்லை இழந்து கடல்கடந்து நின்றது. மற்றவை கல்லோடு கள்வர் கைப்பட்டன. ஆயினும், கல் எல்லாம் போன பின்னும் அவ்வாஷிங்டன் முடியணியைக் காண மக்கள் வருவது எதனைக் காண? நித்தோவின் கைவேலையை அன்றோ?

இனிப் பிரிபடாமற் பிழைத்தவை எவை என்று பார்ப்போம். பார்த்தால் ஓர் உண்மை தோன்றும். சுவீடன் அரசகுடும்பத்தில் ஒரு முடியணி உண்டு. நெப்போலியனின் முதல் மனைவி ஜோசபைனிடமிருந்து வழிவழி வந்தது என்பர். அதில் வைரம் இல்லை. சிற்றுருவங்கள் செதுக்கிய கல்வில்லைகளும் முத்துகளுமே உள்ளன. 1976-இல் சில்வியா அரசியும், 2010-இல் அவர் மகள் விக்தோரியாவும் தத்தம் திருமணத்தில் அதனையே சூடினர். அவ்வில்லைகளின் விலை கல்லில் இல்லை, செதுக்கிய உளியில் இருக்கிறது. கழற்றினால் விலை குன்றும். ஆதலின் எவரும் கழற்றவில்லை.

1813-இல் புருசிய தேசத்துப் பெண்டிர் நெப்போலியனை எதிர்க்கும் போருக்குத் தம் பொன்னணிகளைக் கொடுத்து, அதற்கீடாக இரும்பணிகளைப் பெற்று அணிந்தனர். பெர்லின் வார்ப்பாலைகளிற் செய்த அவ்விரும்பு முடியணிகள், கருநிறச் சரிகை போன்ற நுண்வேலையோடு, இன்றும் அரும்பொருட்சாலைகளிற் காணக் கிடைக்கின்றன. அவர்கள் கொடுத்த பொன் உருகிப் போயிற்று. வாங்கிய இரும்பு நின்றது! 1900-ஆம் ஆண்டை ஒட்டி லலிக் என்னும் பிரெஞ்சுக் கம்மியர் மாட்டுக்கொம்பைச் சீவி முடியணிகள் செய்தார். கொம்புக்கு என்ன விலை? ஆயினும் அவர் செய்தவற்றைக் குல்பெங்கியன் என்னும் செல்வர் தொகுத்து வைக்க, அவை லிஸ்பன் நகரத்தில் அவர் பெயரால் விளங்கும் அரும்பொருட்சாலையில் இடம்பெற்றன. பொருள் மலிவாயின் வேலை பிழைக்கும். பொருள் உயர்ந்ததாயின் வேலைக்கு ஆபத்து. இதுவே யாம் கண்ட உண்மை. நம் தொழிலோ பொன்னோடு பிறந்தது. ஆதலின் நம் வேலைக்கு ஆபத்தும் கூடவே பிறந்தது.

வேலைக்காரன் அருமை உலகுக்கு எப்போது தெரிகிறது? உடையும்போதுதான். 1947-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள், பின்னர் இரண்டாம் எலிசபெத் அரசியாகிய இளவரசியின் திருமணம். அன்று காலையில், தலையிற் சூட்டும் சமயத்தில், வைரக் கம்பிகள் வரிசையாய் நிற்கும் அவர் முடியணியின் சட்டம் ஒடிந்துவிட்டது. அருகில் இருந்த அரண்மனை மணிகாரர், காவற்படை துணைவர, அதனைக் கராட் பட்டறைக்கு எடுத்து ஓடினார். அங்கே ஒட்டிச் செப்பனிட்டு உரிய நேரத்தில் திருப்பி அனுப்பினர். அத்திருமணத்துப் படங்களை உலகம் முழுதும் பார்த்திருக்கிறது. அன்று காலை நெருப்பின் முன் குனிந்திருந்த கம்மியனை எந்தப் படமும் காட்டவில்லை. மேலும் ஒன்று: அம்முடியணி கராட் பெயரால் வழங்கினும், 1919-இல் அதனைத் தம் கையாற் செய்தது வுல்ப் என்னும் வேறொரு சிறு பட்டறையார். கடையின் பெயர் முன்னே நிற்க, பட்டறையின் பெயர் பின்னே மறைவது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமன்று என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின், கம்மியன் செய்யத்தக்கது ஒன்றுமில்லையா? உண்டு. நித்தோ பட்டறையின் வழிவந்தவர் ஷோமே என்னும் பெயரோடு விளங்குபவர். அவர்கள் முடியணி ஒன்று செய்யுமுன், அதன் முழு உருவையும் மலிவான வெண்ணிறக் கலப்பு உலோகத்திற் செய்து, கல் இருக்கவேண்டிய இடத்தில் வண்ணம் தீட்டி, அணிபவர்க்குக் காட்டுவது வழக்கம். அணி விற்றுப் போனபின் அம்மாதிரியை எறியவில்லை. சுவரில் மாட்டி வைத்தார்கள். அவ்வாறு நூற்றுக்கணக்கான மாதிரிகளும், எண்ணிறந்த சித்திரங்களும் அவ்வீட்டில் தங்கின. மெய்யான முடியணிகளுட் பல பிரிபட்டொழிந்தன. அவற்றின் மாதிரிகள் நிலைத்தன.

உருசியாவிலும் இத்தகைய செய்தி உண்டு. புரட்சிக்குப் பின் அந்நாட்டு அரசாங்கத்தார் சார் மன்னரின் அணிகளை ஆராய்ந்து, பெர்ஸ்மன் என்னும் விஞ்ஞானியின் மேற்பார்வையில் 1925, 1926-ஆம் ஆண்டுகளில் படங்களோடு கூடிய பெரும்பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். பிறகு அவற்றிற் பலவற்றை 1927-இல் இலண்டனில் விற்றுவிட்டனர். அவ்வாறு போனவற்றுள் ஒன்று, மரியா பியோதரோவ்னா என்னும் பேரரசியின் கோதுமைக்கதிர் முடியணி. அதன் நடுவில் ஞாயிறுபோல் நிறமற்ற நீலக்கல் ஒன்று இருந்தது. முடியணி போயிற்று; ஆனால் உருவம் பதிவாகியிருந்தது. 1980-இல் அந்நாட்டுக் கம்மியர் அம்மரபைப் பின்பற்றிப் புதிய முடியணி செய்து, 'உருசிய வயல்' என்று பெயரிட்டனர். நடுவில் மஞ்சள் வைரம் வைத்தனர். பழைய கல் ஒன்றும் அதில் இல்லை. ஆனால் பழைய வேலை மறுபிறவி எடுத்தது. பதிவு இருந்தால் வேலைக்கு மறுபிறவி உண்டு. இல்லையேல் சாம்பலே மிஞ்சும்.

அன்பர்களே! அயல்நாட்டுக் கதை இவ்வளவில் நிற்க. எம் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லி முடிப்போம். சில ஆண்டுகளுக்கு முன் மூதாட்டி ஒருவர் ராக்கொடி ஒன்றைக் கொண்டுவந்து, பேத்தி திருமணத்திற்கு வளையல் செய்யவேண்டும், இதனை உருக்கிக்கொள்க என்றார். திருப்பிப் பார்த்தோம். பின்புறத்தில், ஓரத்தில், எம் பாட்டனார் தம் வேலைக்கு இடும் சிறு குறி இருந்தது. நடுவில் அன்னம், சுற்றிலும் இதழ், ஒவ்வோர் இதழின் நுனியிலும் கடுகளவு பொன்மணி. அத்தகைய இதழ் அமைக்க எமக்குத் தெரியாது. எம் தந்தையார்க்கும் தெரியாது. யாம் என்ன செய்தோம்? கல்லைக் கழற்றி மடியில் வைத்துக் கொடுத்தோம். பொன்னை நிறுத்து விலை சொன்னோம். சேதாரம் கழித்தோம். பாட்டனார் வேலைக்கு ஒரு காசும் மதிப்பிடவில்லை. மதிப்பிட வழக்கமும் இல்லை. பின்பு உமியோட்டில் தீ மூட்டி, யாமே ஊதி, யாமே உருக்கினோம். படம் எழுதவில்லை; கைப்பேசி சட்டைப்பையில் இருந்தும் ஒரு நிழற்படம் எடுக்கவில்லை. அவ்விதழின் வடிவத்தை நினைவிலிருந்து வரைய இன்றுவரை முயல்கிறோம், வரவில்லை.

அந்த அம்மையார் மீது குற்றமில்லை. பேத்திக்கு வளையல் வேண்டும். நாமும் பிழைப்பை விட்டு அணிகளைக் காத்திருத்தல் இயலாது. உருக்குவது நம் தொழிலின் ஒரு பகுதியே. ஆனால் உருக்குமுன் பதியாமல் விட்டதற்கு மன்னிப்பு இல்லை. லூவ்ருக் கள்வரைப் பற்றி முதியவர் கேட்ட கேள்வி அன்றிரவு எம்மை உறங்கவிடாமற் செய்ததற்கு இதுவே காரணம்.

ஆதலின் இச்சபையின் முன் விண்ணப்பம் ஒன்றை வைக்கிறோம். நம் ஒவ்வொரு பட்டறையிலும் ஓர் ஏடு இருத்தல் வேண்டும். உருக்க வரும் பழைய அணி எதுவாயினும், அதன் முன்புறம் பின்புறம் இரண்டையும் படமெடுத்து, எடை, மாற்று, கல்லின் தொகை, செய்த ஊர், செய்தவர் பெயர் தெரிந்தால் அப்பெயர் ஆகியவற்றை எழுதி வைக்கவேண்டும். புதிதாகச் செய்யும் அணிக்கும் அவ்வாறே செய்து, கடைக்காரர் பெயரோடு செய்த கையின் பெயரையும் குறிக்கவேண்டும். ஆண்டுக்கொருமுறை அவ்வேடுகளைச் சங்கத்திற்குக் கொண்டுவந்து படியெடுத்து வைக்கவேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அணி ஒன்றுக்குக் கால்மணி நேரம் போதும்.

பியன்னேயின் பொன்மாலையில் எஞ்சியது கொல்லன் வீட்டு ஓரிலை. நம் முன்னோர் செய்த மாலைகளில் நம் வீட்டில் எஞ்சியிருப்பது எத்தனை இலை என்று இன்றிரவு ஒவ்வொருவரும் வீடு சென்று எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். எண்ணிக்கை குறைவாயின், அடுத்த கூட்டத்திற்குள் ஏடு ஒன்று வாங்குங்கள். எமது ஏட்டின் முதற்பக்கத்தை, அவ்விதழ் வடிவம் கைகூடுமா என்னும் ஆசையால், வெற்றிடமாகவே விட்டு வைத்திருக்கிறோம். உங்களில் எவர் வீட்டிலேனும் அன்னமும் கடுகுமணி இதழும் அமைந்த ராக்கொடி இருப்பின், உருக்குமுன் எமக்கு ஒருமுறை காட்டுங்கள்.